செவலை துண்டை விலக்கிய நாள்

செவலையை எங்கள் வீதிக்குக் கொண்டுவந்து கட்டியவர்கள், அதற்குப் பேரம் பேச வரும் என்று எங்களிடம் சொல்லவில்லை. அவர்களுக்கே அது தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

கட்டினார்கள் என்றால் கயிற்றால் அல்ல. எங்கள் வெள்ளியம்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஊரின் குப்பையைக் குறைக்க ஒரு விளையாட்டுக் கொண்டுவருகிறோம் என்று 'பசுந்தடம்' என்ற கம்பெனி கோயமுத்தூரிலிருந்து வந்து, ஒவ்வொரு வீதிமுனையிலும் ஆளுயரத் திரை ஒன்றை நட்டது. திரைக்குள் ஒரு காளை. எங்கள் வீதிக்கு வந்தது செந்நிறக் காளை, அதனால் செவலை. வீதியில் குப்பை குறைந்தால் காளை கொழுக்கும், திமில் எழும்பும், தோல் மினுங்கும். குப்பை கூடினால் இளைக்கும். அதே காளை வீட்டுக்கு வீடு கைப்பேசியிலும் வந்து பேசும். உள்ளே இருப்பது செயற்கை நுண்ணறிவு, ஆளின் குணம் பார்த்துப் பழகிக்கொள்ளும் என்றார்கள். சேரும் புள்ளிக்கு வீட்டு வரியில் கொஞ்சம் தள்ளுபடி உண்டு. சித்திரை மாதத்துப் பெரிய சந்தையன்று எல்லா வீதிக் காளைகளையும் மைதானத்துத் திரைகளில் வரிசையாக நிறுத்தி, நல்ல காளையின் வீதிக்கு மாலை போடுவார்கள்.

தள்ளுபடிக்காகச் சேர்ந்தோம். மாலைக்காக ஆடினோம். எங்களுடையது வியாபாரிகள் வீதி. எனக்குத் தேங்காய்க் கொப்பரை, அடுத்த வீட்டு வசுந்தராவுக்கு ஜவுளி, கோடிவீட்டுக் குழந்தைவேலுவுக்குப் பாத்திரம், எதிர்வீட்டு ஆறுச்சாமியண்ணனுக்கு மாட்டுத் தரகு. லாபமில்லாத காரியத்தில் கௌரவம் கலந்துவிட்டால் எங்களைப் பிடித்து நிறுத்த ஆளில்லை.

ஆனால் முதல் மாதம் செவலையை யாரும் சீந்தவில்லை. காரணம் அதன் பேச்சு.

"அன்பார்ந்த குடிமக்களே, இன்று நெகிழியைத் தவிர்ப்போமா?" என்று கேட்டது.

ஆறுச்சாமியண்ணன் கைப்பேசியைக் காதிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "இத எந்தச் சந்தையில புடிச்சாங்க? மாடு மாதிரியே இல்லியே. பிரேயர்ல வாத்தியார் பேசற மாதிரியல்ல பேசுது."

அனுமதி கொடுத்த வீடுகளில் அது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்க வேண்டும். கடைவீதிப் பேச்செல்லாம் அதற்குள் இறங்கியிருக்க வேண்டும். ஒருநாள் காலை என் வீட்டுக்காரி கோகிலவாணி சமையல்கட்டில் யாருடனோ மல்லுக்கு நிற்கும் சத்தம் கேட்டுப் போனேன்.

"ஏனுங் அம்மிணி, எண்ணெய் வாங்கப் போறப்ப போசி எடுத்துட்டுப் போங்க. ரெண்டு புள்ளி போட்டர்றேன்" என்றது கைப்பேசி.

"ரெண்டா? அஞ்சு போடு."

"அஞ்சு கட்டாதுங்க. மூணு. அதுக்கு மேல கேட்டீங்கன்னா நான் எதிர்வீட்டுக்குப் போயிருவேன்."

"போ. அவிய ஊட்டுல எண்ணெயே வாங்கறதில்ல, எல்லாம் ஓட்டல் சாப்பாடு."

பிறகு, "நாலு. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்" என்றது.

கோகிலா சிரித்துக்கொண்டே எண்ணெய்ப் பாத்திரமான அந்தப் போசியை எடுத்தாள். அவள் முகத்தில் அப்படியொரு வெற்றிச் சிரிப்பை, கல்யாணப் புடவை விலையைக் கடைக்காரனிடம் பாதியாக்கிய அன்றுதான் கடைசியாகப் பார்த்தேன்.

அன்றிலிருந்து வீதியே மாறிப்போனது. பேரம் பேச ஆள் கிடைத்துவிட்டது. அதுவும் கடையைச் சாத்திவிட்டுப் போகாத ஆள். பாத்திரம் கழுவிய தண்ணீர் வாழைக்குப் போனது. பூக்காரம்மா வாழைநாரில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் வீதிக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால், ஓடுகிறது என்று பேருக்குத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம், அது நிஜமாகவே ஓடியது. தவளை கத்தியது. வசுந்தரா அதைக் கேட்டுவிட்டு, "இது எந்த மோட்டார் ரிப்பேர் ஆயிருச்சு?" என்று வெளியே வந்து பார்த்தாள்.

ஆறுச்சாமியண்ணனுக்கு மட்டும் ஒரு குறை. "ஊரே கேக்கறாப்புல பேரம் பேசறது நம்ம பழக்கமில்ல" என்றார்.

அவர் சொன்னது மாட்டுச் சந்தைப் பழக்கம். வாங்குகிறவரும் தரகரும் கைகோத்து, மேலே துண்டைப் போட்டுக்கொள்வார்கள். விலையெல்லாம் துண்டுக்குள் விரல் பேசும். வாய் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு எதுவும் தெரியாது. யார் என்ன கொடுத்தார் என்பதை அப்போதும் சொல்வதில்லை, பிறகும் சொல்வதில்லை. மீறிச் சொன்ன தரகன் அன்றைக்கு முடித்துக் கொடுத்த பேரம் அத்தனையும் செல்லாமல் போகும். அப்புறம் அவனிடம் யாரும் கைகொடுக்க மாட்டார்கள்.

அண்ணன் இதை ஒரு மாட்டுக்குச் சொல்வதுபோலவே செவலைக்கும் சொன்னார். அது கம்பெனியைக் கேட்டு, ஆட்டத்திலேயே ஒரு துண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டது. "துண்டு போட்டுக்கலாங்களா?" என்று கேட்கும். சரி என்றால், அதற்குப் பின் பேசுவது இருவருக்குள் மட்டும். ஒரு வீட்டுப் புள்ளியை இன்னொரு வீட்டுக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம், யாருக்கும் தெரியாது. ஒரு துண்டை விலக்கினால் அதுவரை முடித்த துண்டுப் பேரம் எல்லாமே செல்லாது என்ற சட்டத்தையும் செவலை அப்படியே எடுத்துக்கொண்டது. அண்ணனோ, அதற்குப் பிறகும் நம்பிக்கையில்லாமல், கைப்பேசியின்மேல் நிஜத் துண்டு ஒன்றையும் போர்த்திக்கொண்டுதான் பேசுவார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது கோகிலாவுக்குச் சிறுநீரகம் கெட்டது.

ஆஸ்பத்திரிக்கு நாள்விட்டு நாள் போய்ப் படுப்பதைவிட, வீட்டிலேயே செய்துகொள்ளும் வைத்தியம் நல்லது என்றார் டாக்டர். வயிற்றில் சின்னக் குழாய் வைத்துவிடுவார்கள். பையிலிருக்கும் மருந்துத் தண்ணீரை அதன் வழியாக உள்ளே விட வேண்டும். சில மணி நேரத்தில் அது உடம்பின் கழிவை வாங்கிக்கொள்ளும். பிறகு வெளியே எடுத்துவிட்டு அடுத்த பை. தினமும் நான்கு தடவை. சுலபமான வேலைதான். ஆனால் ஒவ்வொரு பையும் கனத்த பிளாஸ்டிக். அதற்கொரு மேலுறை, குழாய், மூடி. தினமும் எங்கள் வீட்டு வாசலில் ஒரு மூட்டை பிளாஸ்டிக் சேர்ந்தது. குப்பை வண்டி எடை போட்டது. வீதிமுனையில் செவலை இளைத்தது.

செவலையே கோகிலாவிடம் சொன்னது. நான் பக்கத்தில் இருந்தேன்.

"அம்மிணி, நோயாளி வீட்டுக்கு விலக்கு உண்டுங்க. கேட்டு வாங்கிக்குங்க. உங்க குப்பையை எடை போட மாட்டாங்க."

"வாங்கினா?"

"வீதிப் படத்துல உங்க வீடு மட்டும் சாம்பல் நிறமா இருக்கும். ஆட்டத்துல இருக்காது."

"நீ பேச வருவியா?"

அது கொஞ்சம் தயங்கிய மாதிரி இருந்தது. "வர முடியாதுங்க."

"அப்பொ வேண்டாம்" என்றாள் கோகிலா. "சாம்பல் நிறமாமா. ஆள் இன்னும் உசுரோட இருக்கறப்பவே."

நானும் வற்புறுத்தவில்லை. வெளியே போகமுடியாமல் அறைக்குள் கிடப்பவளுக்கு மத்தியானப் பேரம் ஒன்றுதான் கடைவீதி. இன்னொன்றும் உண்டு. கொள்முதல்காரனுக்கு வீட்டில் சீக்கு என்று தெரிந்தால் சரக்குக்காரன் வேறு முகம் காட்டுவான். அதனால் மருந்துப் பெட்டிகளைக் கொப்பரைச் சாக்கில் போட்டு வீட்டுக்குள் இறக்கினேன். யாருக்கும் தெரியாது என்றிருந்தேன்.

வீதிக்குத் தெரிந்ததெல்லாம் காளை இளைக்கிறது என்பதுதான், அப்படித்தான் நினைத்தேன். குப்பை வண்டிக்குப் பக்கத்தில் நின்று வசுந்தரா சத்தமாகவே பேசினாள்.

"யாரோ ஊட்டுல சோறு வடிக்கறதுக்குப் பதிலா பிளாஸ்டிக் வடிக்கறாங்க போல. தேர்முட்டி வீதிக் காளையைப் பாத்தீங்களா? திமிலு நிக்கறதைப் பாத்தா கண்ணு கூசுது. நம்முளுது ஆட்டுக்குட்டியாட்டம் நிக்குது."

"சந்தைக்கு நான் போர்வை போத்தித்தான் ஓட்டிட்டுப் போகோணும்" என்றார் ஆறுச்சாமியண்ணன்.

ஜன்னல் திறந்திருந்தது. கோகிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே செவலை தேறத் தொடங்கியது. விலா எலும்பு மறைந்தது. கழுத்துச் சதை தொங்கியது. வீதியில் ஆளுக்கு ஆள் ஒரு பெருமிதத்தோடு நடந்தார்கள். வசுந்தரா திரையைப் பார்த்துத் தனக்குத்தானே தலையாட்டிக்கொண்டாள். குழந்தைவேலு ஏதோ தான் பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் நின்று பார்த்தார். கோகிலாகூட ஜன்னல் வழியாகப் பார்த்து, "பரவால்ல, தேறிட்டான்" என்றாள். அவள் காலில் வீக்கம் இருந்தது. வெயிலுக்கு என்றாள். சோறு இறங்கவில்லை. அதற்கும் வெயில்தான். அந்த வருஷம் வெயில் எல்லா வீட்டு வேலையையும் செய்தது.

பெரிய சந்தைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, மத்தியானம் களத்தில் கொப்பரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். சட்டைப்பையில் கைப்பேசி பேசியது.

"கவுண்டரே, சித்த நெழலுக்கு வாங்க."

"என்னடா, இன்னைக்கு என்ன பேரம்?"

"பேரமில்லீங்க. துண்டில்லாம ஒரு பேச்சு."

செவலை அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நிழலுக்குப் போனேன்.

"நான் இப்ப ஒரு துண்டை விலக்கப்போறேன். விலக்கினா என்னாகும்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். அதனால மொதல்ல சொல்லிப்போடறேன். நாளைக்கு என்னைப் பாத்து யாரும் அம்மிணியைக் கொறை சொல்லக் கூடாது. அதை நீங்க பாத்துக்கோணும்."

"விசயத்தச் சொல்லு."

"டாக்டரு பையைக் குறைக்கச் சொல்லிட்டாருன்னு அம்மிணி எங்கிட்டத் துண்டுக்குள்ள சொன்னாங்க. நாலு மூணாச்சு. அப்புறம் ரெண்டாச்சு. நான் நம்பினேன். இன்னைக்குக் காலையில பேசறப்ப ஒரு வரிக்கு ரெண்டு தடவை மூச்சு வாங்கினாங்க. முன்னயெல்லாம் எங்கிட்ட அரைமணி நேரம் சண்டை போடுவாங்க. இன்னைக்கு நான் ரெண்டு புள்ளின்னேன், சரின்னுட்டாங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் யோசித்திருப்பேன். கோகிலா சொன்ன விலைக்குச் சரி என்றாள் என்பதைக் கேட்டபிறகு யோசிக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கட்டிலில் படுக்கமுடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பிரிக்காத மருந்துப் பைகள் அடுக்கியிருந்தன. தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் போனேன்.

நுரையீரல்வரை நீர் ஏறியிருந்தது. அவசரப் பிரிவில் இருந்த பெண் டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "எத்தனை நாளா ஸ்கிப் பண்றாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா இந்தப் பேச்சே இருந்திருக்காது. யாரு கண்டுபிடிச்சாங்க?"

"எங்க வீதி மாடுங்க" என்றேன். அதிர்ச்சியில் உளறுகிறேன் என்று நினைத்து, அவர் எனக்கும் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

மறுநாள் அவளுக்குக் கண் தெளிந்தது. தெளிந்ததும் கேட்ட முதல் கேள்வி, "யாரு சொன்னது?"

"செவலை."

திரும்பிப் படுத்துக்கொண்டாள். "துரோகி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நான்தான அவனைத் தேத்தினேன். என்ற பையைக் குறைச்சுத்தான தேறுனான். இப்ப மறுபடியும் எளைச்சுருவான். சந்தையில எல்லாரும் சிரிப்பாங்க" என்று அழுதாள்.

துணிமணி எடுக்க ஊருக்கு வந்தபோது வீதிமுனையில் கூட்டம். எட்டிப் பார்த்தேன். திரையில் நின்றதைக் காளை என்று சொல்லப் பழகிய கண் வேண்டும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. இடுப்பெலும்பு தோலைக் குத்திக்கொண்டு நின்றது. திமில் இருந்த இடத்தில் வெறும் தோல். கண் மட்டும் பழைய கண்.

வசுந்தராதான் முதலில் வாயைவிட்டாள். கோபத்தில் அவளுக்கு எதுவும் நினைவிருக்காது.

"நேத்துவரைக்கும் நல்லா இருந்துச்சு. நான் குடுத்ததெல்லாம் எங்க போச்சு?"

"நீ என்ன குடுத்த?" என்றார் ஆறுச்சாமியண்ணன்.

வசுந்தரா திடுக்கிட்டு வாயை மூடினாள். ஆனால் வெளியே வந்த வார்த்தையை உள்ளே தள்ள முடியாது.

"என்ன குடுத்தன்னு கேக்கறேன்."

"சும்மா... கடையில சேலைக்குப் போடற பிளாஸ்டிக் உறையை நிறுத்திட்டேன். அந்தப் புள்ளியை..." என்னைப் பார்த்துவிட்டாள். "கோகிலாக்கா பேருக்கு மாத்தச் சொன்னேன். துண்டுக்குள்ளதான். அக்கா சேலை எடுக்கறது என்ற கடையில. அவிய போயிட்டா எனக்குத்தான நட்டம்."

"நீயுமா?" என்றார் குழந்தைவேலு. சொல்லிவிட்டு அவரும் நாக்கைக் கடித்தார்.

"நீயுமான்னா? அப்ப நீ?"

"பாத்திரம் வெச்சு வர்ற தெர்மாகோல், பை எல்லாத்தையும் கம்பெனிக்கே திருப்பி அனுப்பினேன். வண்டி வாடகை என்ற கைக்காசு. அதுக்கு வந்த புள்ளி அந்த ஊட்டுக்கு." பிறகு ஏதோ குற்றம் செய்தவர்போல, "குடோனில எடமில்ல, அதனால" என்றார்.

ஆளாளுக்குச் சொல்லவில்லை, கொட்டினார்கள். பத்துப் பேர் இருந்தால் பத்துப் பேரும். ஒருத்தர் செய்தது இன்னொருத்தருக்குத் தெரியாது. காளை தேறியபோது ஒவ்வொருவரும் அது தன்னால்தான் என்று நினைத்திருக்கிறார்கள். உள்ளே கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரியும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள், தன் பையைக் குறைத்ததால்தான் என்று. யாராவது ஒருத்தர் ஜன்னலண்டை வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் துண்டுக்குள் கொடுத்ததை வெளியே சொல்லும் வம்சத்தில் நாங்கள் யாரும் பிறக்கவில்லை.

"உங்களுக்கெல்லாம் எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "நான் யாருக்கும் சொல்லலையே."

ஆறுச்சாமியண்ணன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சென்னி, கொப்பரை வெளிய போற சரக்கு. உன்ற ஊட்டுக்குள்ள எதுக்குப் போகுது? அதும் மூட்டைக்கு நாலு மூலை. கொப்பரைக்கு ஏதுடா மூலை?"

"அப்பறம் எதுக்கு வண்டிகிட்ட நின்னு அப்பிடிப் பேசுனீங்க?"

"பேசாம இருந்தா நாங்க குடுக்கறது தெரிஞ்சு போயிராதா?" என்றாள் வசுந்தரா. இதுகூடத் தெரியாதா என்ற தோரணையில்.

நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது. அன்றைக்கு அதைச் சொல்ல வாயெடுத்தேன். அண்ணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "கம்முனு இரு. நன்றி கின்றின்னு சொன்னீன்னா அடுத்த தடவை எவனும் குடுக்க மாட்டான். அம்மிணி எப்பிடி இருக்குது, அதச் சொல்லு."

"பொழைச்சுக்கிட்டா."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரென்று நான் பார்க்கவில்லை. பார்த்தால் மறுத்துவிடுவார்கள்.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து தாரணி என்ற பெண் வந்தாள். செவலைக்குப் பழக்கம் சொல்லிக்கொடுத்த குழுவில் இருந்தவள். சின்னப் பெண். எங்கள் வீதியைப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் பயம் அவளுக்கு. போன தடவை வந்தபோது எங்கள் பேரத்தில் சிக்கி, கம்பெனி காசு வாங்கும் இரண்டு சேவைகளை ஓசியில் விட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"காளை எங்களைக் கேக்கலீங்ணா" என்றாள். "ஒருத்தர் உசுருக்கு ஆபத்துன்னா ரகசியத்தை மீறலாம்னு அதுக்கு ஒரு வழி வெச்சிருந்தோம். மீறினா என்ன நட்டம்னு நாங்க எழுதலை. அது உங்க சந்தைச் சட்டம். அதைத் தனக்கும் சேத்துப் போட்டுக்கிச்சு."

"அப்பொ நாங்க பண்ணுனதெல்லாம் வீணா, கண்ணு?" என்றார் குழந்தைவேலு.

"குப்பை குறைஞ்சது குறைஞ்சதுதாங்க. வாய்க்கால்ல போய்ப் பாருங்க. செல்லாமப் போனது துண்டுக்குள்ள நீங்க குடுத்த புள்ளி மட்டும்தான்." அவள் திரையைப் பார்த்தாள். "அது எவ்வளவு எளைச்சிருக்கோ, அவ்வளவும் நீங்க அந்த வீட்டுக்குக் குடுத்தது."

எல்லோரும் காளையின் விலாவைப் பார்த்தார்கள்.

தாரணி இன்னொன்றும் சொன்னாள். நோயாளி வீட்டு மருந்துக் குப்பையை இனி எடை போடுவதில்லையென்றும், அந்த வீட்டைச் சாம்பல் நிறமாக்குவதில்லையென்றும் கம்பெனியில் முடிவெடுத்துவிட்டார்களாம். "இத முன்னயே யோசிச்சிருக்கோணும்" என்றாள் தலையைக் குனிந்துகொண்டு. பிறகு தயங்கித் தயங்கி, "சந்தைக்கு வேற காளை வேணும்னா ஏற்பாடு பண்ணலாங்ணா. இதை எடுத்துட்டு, புதுசா" என்றாள்.

"எதுக்கு?" என்றார் ஆறுச்சாமியண்ணன்.

"இது தரகு பாக்கத் தகுதியில்லாத காளை ஆயிருச்சுங்களே. உங்க சட்டப்படி."

அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "தரகனுக்குத்தாம்மா அந்தச் சட்டம்" என்றார். "இது நம்ம ஊட்டு மாடு."

பெரிய சந்தையன்று காலையில் கோகிலாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். மைதானம் வழியாகத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கினேன்.

திரைகள் வரிசையாக நின்றன. எல்லாக் காளைகளும் கோயில் சிலைபோல் மினுங்கின. நடுவில் எங்கள் செவலை, எலும்பும் தோலுமாக. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் அங்கே வந்ததும் சிரிக்கத் தயாரானது. கோகிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் ஆறுச்சாமியண்ணனின் குரல் எழுந்தது. சந்தையில் அவர் மாடு விற்கும் குரல். அந்தக் குரலுக்கு மட்ட மாடு என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

"வாங்க, வாங்க, கிட்ட வந்து பாருங்க. சதையைப் பாத்து மாடு வாங்கறவன் ஏமாளி. எலும்பைப் பாருங்க. இந்த மொத விலா இருக்குதே, இது ஜவுளிக்கடைக்காரம்மா குடுத்தது. இது பாத்திரக்கடை. இந்தக் கடைசி விலா, நம்முளுது, அதைப் பத்தி நானே பேசக் கூடாது. ஒரு சீக்குக்காரிக்காக ஒரு வீதியே குடுத்துக் குடுத்து எளைச்ச மாடு இது. இப்பிடியொரு மாடு வேற எங்கயாச்சும் கட்டியிருந்தாச் சொல்லுங்க, நான் என்ற துண்டை இங்கயே போட்டுட்டுப் போறேன்."

வசுந்தரா அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "பேரைச் சொல்லாதீங்கண்ணா, மானமே போகுது." அவர் காதில் வாங்கவில்லை. குழந்தைவேலு கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஆனால் சிரிக்க வந்த கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. யாரோ ஒரு கிழவர் திரைக்குக் கிட்டப் போய், நிஜ மாட்டைத் தடவுவதுபோல் அந்த விலாவின்மேல் கையை வைத்தார்.

கோகிலா இப்போது பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமென்று தெரியவில்லை. பிறகு என் கைப்பேசியை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டாள்.

"டேய்."

"சொல்லுங் அம்மிணி."

"நல்லாத்தான்டா இருக்கற."

"நீங்களும்தானுங்க" என்றது செவலை. "மூச்சு வாங்கலை."

மாலை தேர்முட்டி வீதிக்குத்தான். அதில் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்கள் காளை அவ்வளவு அழகு. அந்த வீதித் தலைவர் மாவுமில் ரங்கராசு பட்டுவேட்டியில் மேடையேறினார். எங்களுக்கு ஆகாதவர்தான், பல வருஷமாக. மாலையை வாங்கக் கழுத்தை நீட்டிக்கொண்டே எங்கள் செவலையை ஓரக்கண்ணால் பார்த்தார். அவருடைய முகத்தில் பெருமைக்கு நடுவே வேறு ஏதோ ஓடியது. ஒலிபெருக்கி திறந்திருந்ததால், தன் கைப்பேசியிடம் அவர் மெதுவாகக் கேட்டது மைதானம் முழுக்கக் கேட்டது.

"நம்ம வீதியில அந்த மாதிரி யாருக்கும் ஒண்ணுமில்லைல்ல?"

அவருடைய காளை பதில் சொல்லவில்லை. திரையில் கொழுத்து நின்றது. ஒரு தடவை வாலை ஆட்டியது.

பிறகு எல்லோரும் பார்க்க, அதன் விலாவில் ஒரு எலும்பு மெல்ல எழும்பியது. பக்கத்தில் இன்னொன்று. திமில் தளர்ந்து ஒருபக்கம் சாய்ந்தது. அதுவும் ஒரு துண்டை விலக்குகிறது என்று எங்கள் வீதிக்குப் புரிந்துவிட்டது. ரங்கராசு மாலை பாதிக் கழுத்தில் தொங்க, கைப்பேசியைக் காதில் அழுத்திக்கொண்டு நின்றார். யார் வீடு, எத்தனை நாளாகப் பையைக் குறைக்கிறார்கள் என்று அவர் கேட்டதும் ஒலிபெருக்கியில் வந்தது. பதில் கிடைத்ததும் பட்டுவேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு மேடையிலிருந்து குதித்து ஓடினார்.

கோகிலா என் தோளைத் தட்டினாள்.

"பாத்துட்டு நிக்கறீங்க? அவரு வண்டி அந்தப் பக்கம் மாட்டிட்டு நிக்குது. நம்ம வண்டியைத் திருப்புங்க."

"உன்னைய மொதல்ல ஊட்டுல விட்டுட்டு..."

"என்னைய எறக்காதீங்க" என்றாள் அவள். "பையை எப்பிடி மாட்டோணும்னு அங்க யாருக்குத் தெரியும்?"

நான் வண்டியைத் திருப்பி, ரங்கராசுவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டேன்.